தண்ணீருக்கு ஒரு புரூஃப்

நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். உப்பளம் என்கிற பகுதியில் இந்தக் கட்டடத்தைக் கட்டும்போது லிஃப்ட் வரும் என்று சொல்லி அதற்கு ஒரு பள்ளம் விட்டார்கள். லிஃப்ட் வரவில்லை. அந்தப் பள்ளத்தில் உடைந்த நாற்காலிகளும் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு தொட்டிலும் கிடக்கின்றன. என் முட்டி இரண்டும் போன பிறகு படி இறங்குவது எனக்குக் கால் மணி நேர வேலை. சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து, மூச்சு விட்டு, அப்புறம் அடுத்த படி. ஏறுவதற்கு அதைப்போல் இரண்டு பங்கு நேரம். மாதத்துக்கு இரண்டு தடவை இறங்கினால் அதிகம்.

என்னோடு இருப்பவள் என் மகள். வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்யாணம் பண்ணிக்கொடுத்து மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டுக்கு முன்னால் இருக்கிற கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள். ஒரு தடவை நான் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து இந்தப் பழக்கம். என்னிடமும் ஒரு சாவி உண்டு. சாவி இருந்து என்ன, முட்டி வேண்டுமே. மழைக்காலத்தில் சன்னலையும் சாத்திவிட்டால் எனக்கு மிச்சம் இருப்பது இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கம்பிக்கு அந்தப்பக்கம் பத்துப் படி. பத்தாவது படியில் வளைவு வந்துவிடும். அதற்குமேல் கண்ணுக்குத் தெரியாது.

அவளிடம் ஒரு மோட்டார் வண்டி இருக்கிறது. ரோட்டுக்கென்று செய்த வண்டி இல்லை. சேறு, கல், மேடு பள்ளம் இதில் ஓட்டுவதற்கென்றே செய்தது. உயரமாக, ஒல்லியாக இருக்கும். முன்சக்கரத்துக்கு மேலே கொக்கு மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவளும் இன்னும் ஆறு பெண்களும் வானூர்ப் பக்கம் செம்மண் பள்ளங்களில் ஓட்டப் போவார்கள். நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டுமாம். உட்கார்ந்தால் முதுகு போய்விடுமாம். மத்தியானம் திரும்பி வரும்போது கண் மட்டும்தான் அவளுடையதாக இருக்கும், மற்றதெல்லாம் மண்.

போன வருஷம் மழையில் அப்படிப் போனாள். மேலே போட்டிருந்தது தெருவோரம் விற்கிற பிளாஸ்டிக் கோட்டு. கருவேலமுள் பட்டு முதுகில் பிளந்துவிட்டது. அரை நாள் நனைந்துகொண்டே ஓட்டியிருக்கிறாள். மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாள் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரி. பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் இரண்டு தடவைதான் போய்ப் பார்த்தேன். மற்ற எட்டு நாளும் இந்த நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக்காரி சோறு கொண்டுவந்து கொடுத்தாள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள்.

இந்த வருஷம் தீபாவளி லீவு நாலு நாள். எங்களுக்குத் தீபாவளி பண்டிகை கிடையாது, லீவு மட்டும் உண்டு. அந்த நாலு நாளும் ஜவ்வாது மலையில் மண் பாதையிலேயே சுற்றப் போவதாக அவள் சொன்னாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“மழையிலயா?”

“மழைக்காகத்தாம்மா போறோம்.”

“போன வருஷம் பட்டது பத்தலையா?”

“போன வருஷம் கோட்டு சரியில்ல. நனையாம இருந்தா ஒண்ணும் ஆவாது.”

“சரி, கோட்ட நான் பாக்கறேன். நான் ஆவும்னு சொன்னா போ. ஆவாதுன்னு சொன்னா வூட்ல கெட.”

 “சேதராப்பட்டுல எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லணும். அம்மாவா சொல்லக்கூடாது” என்றாள். நான் தலையாட்டினேன்.

சேதராப்பட்டில் வெளிநாட்டுக்கு மழைக்கோட்டு தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். முதல் நாலு வருஷம் தையல். பிறகு டேப் மெஷின். எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தையல் போட்ட இடமெல்லாம் ஊசி ஓட்டைதான். தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். அதனால் உள்பக்கத்தில் தையல்மேல் ஒரு பட்டையை வைத்துச் சூடான காற்றில் உருக்கி ஒட்ட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் துணி சுருங்கும். குறைந்தால் பட்டை நாலாம் நாள் உரியும். கை ஒரே வேகத்தில் போக வேண்டும். எனக்குப் போகும். நான் படித்தது இரண்டாம் கிளாஸ். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷில் என் மேசைக்கு வந்த லேபிளில் இருந்த எழுத்துகள் மட்டும் தெரியும். ஆனால் ஒரு துணியைத் திருப்பிப் போட்டு விரலை ஓட்டினால் அது எங்கே ஒழுகும் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேறு அதிகம் எனக்கு இல்லை.

மகள் நம்பியது அந்த விரலைத்தான். எந்தத் துணியும் தேறக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் நான் மாடியிலிருந்து இறங்கினேன். அவள் நெஞ்சுக்காகப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. நாலு நாள் அந்தக் கம்பிக் கதவுக்கு உள்ளே மழையைக் கேட்டுக்கொண்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அதுதான் மீதிப் பாதி.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உடுப்பு விற்கிற கடை சாரம் என்கிற பகுதியில் இருந்தது. நான் ஆட்டோவில் போனேன், அவள் வண்டியில் பின்னால் வந்தாள். கடை முழுக்க ஹெல்மெட். கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், தொப்பை வைத்த ஆள். அவர் சேற்றில் ஓட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

“வா ஆயா, ஒக்காரு. காபி சொல்லட்டா?” என்றார்.

எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது. ஆனால் இந்த ஊர்க் கடைகளில் எனக்குப் பேரன்கள் நிறைய.

“காபி வேணாம். ஆயான்னும் வேணாம். அம்மான்னு கூப்புடு, போதும்.”

“சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்தார். அவள் கையுறை பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள்.

முதலில் ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டார். “நல்லா ஓடற மாலும்மா இது.”

நான் அதைத் திருப்பி உள்பக்கத்தை வெளியே எடுத்தேன். பளபளப்பு வெளியில்தான் இருந்தது. உள்ளே தோளில் ஒரே தையல், அதன்மேல் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தேன். வரிசையாக ஊசி ஓட்டை, ஓட்டைக்கு அந்தப்பக்கம் டியூப்லைட்டு.

“ஓடட்டும். எங்களுக்கு வேணாம்” என்றேன்.

இரண்டாவது கொஞ்சம் நல்ல ஜாதி. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் அடி தாங்குகிற தகடு வைத்த ஜாக்கெட். தண்ணீர் தாங்குகிற துணி அதற்கு உள்ளே, தனி உள்சட்டையாக மாட்டியிருந்தது. உள்சட்டையில் டேப் ஒழுங்காக இருந்தது. ஆனால் மழையில் வெளித்துணி முழுக்கத் தண்ணீர் குடித்துவிடும். மலைக்காற்றில் அந்த ஈரத்தைச் சுமந்துகொண்டு நாள் முழுக்கப் போக வேண்டும்.

“வெளியில இருக்கறது ஊறிப்போயிடும்பா. ஒரு குடம் தண்ணிய முதுகுல கட்டிக்கினு இவ வண்டி ஓட்டணுமா?”

“எல்லாரும் இதத்தாம்மா வாங்கறாங்க.”

“எல்லாருக்கும் நான் அம்மா இல்லியே.”

மகள் இந்தத் தடவை சிரித்துவிட்டாள். எனக்கும் உற்சாகமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வேலையை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு துணியைத் திருப்பிப் போட்டு ‘ஆகாது’ என்று சொல்லி, அதை ஓர் ஆள் மடித்து வைப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

மூன்றாவதாக வந்ததைக் கண்டதும் அந்தச் சுகம் போய்விட்டது. கணுக்கால் முதல் கழுத்து வரை ஒரே உடுப்பு. தகடு வைத்த ஜாக்கெட்டுக்கு மேலேயே மாட்டிக்கொள்வது. துணி கெட்டி, ஆனால் மடிந்து கொடுத்தது. தோள், அக்குள், பக்கவாட்டு என்று விரலை ஓட்டினேன். பட்டை ஒரு இடத்திலும் சுருங்கவில்லை, ஒரு இடத்திலும் தூக்கவில்லை. கால் இரண்டும் சேருகிற இடத்தில் நாலு தையல் ஒன்றாக வந்து முட்டும். மழைக்கோட்டில் முதலில் ஒழுகுவது அந்த இடம்தான். அங்கே ஒரு வட்டத் துண்டு வைத்து அதன்மேல் ஒட்டியிருந்தாள், யாரோ ஒருத்தி. இடுப்புக்கு உள்ளே சின்னதாக மையில் ஒரு எண் குத்தியிருந்தது. பதினேழு.

எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். டேப் அடித்தவளின் எண்ணை உள்ளே குத்துவோம். என் எண் முப்பத்தாறு.

நான் குறை தேடித் தேடிப் பார்த்தேன். மகள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கிடைக்காததால் பேச ஆரம்பித்தேன்.

“இது தண்ணி தாங்குமா?”

“வாட்டர் புரூஃப்மா. இதோ எழுதியிருக்கு பாருங்க.”

“எழுதியிருக்கறது இருக்கட்டும். புரூஃப் எங்க?”

“அதாம்மா, வாட்டர் புரூஃப்னாவே...”

“ஏம்பா, ரேஷன் கார்டுக்குப் போனா வூட்டுக்குப் புரூஃப் கேக்கறாங்க. பேங்குல வயசுக்குப் புரூஃப் கேக்கறாங்க. நான் உசுரோட இருக்கறதுக்கே வருஷா வருஷம் விரல வச்சிப் புரூஃப் குடுத்தாத்தான் பென்ஷன் வருது. இவ்ளோ பேசற நானே குடுக்கறேன். பேசாத துணி குடுக்க வேணாமா?”

கடைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தார். உடுப்பின் முதுகைக் கிண்ணம் மாதிரி குழித்துப் பிடித்து அதில் முழுப் பாட்டிலையும் ஊற்றினார். மூன்று பேரும் அடியில் குனிந்து பார்த்தோம். அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டி ஐந்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பையில் கூட ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு உடுப்பைத் துடைத்து மேசையில் வைத்தார்.

“புரூஃப்மா” என்றார்.

நான் வசமாகச் சிக்கிக்கொண்டேன். “சும்மா கெடக்கற துணி ஒழுவாது. உள்ள ஆள் இருந்து குந்தி எழுந்திருக்கணும். அப்ப சொல்லு” என்றேன்.

அந்த நேரம் வெளியே ஹாரன் அடித்தது. மகள் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குச் சாமான் இறக்கும் லாரி வந்திருந்தது. தள்ளி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று அவள் போனாள். போனவுடன் மழை கொட்ட ஆரம்பித்தது. எங்கேயோ ஒதுங்கி நின்றுவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் வருவதற்குள் குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “நானே போட்டுப் பாக்கறேன். எனக்கும் அவளுக்கும் ஒரே அளவு” என்று உடுப்பைத் தூக்கிக்கொண்டு போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

அறை என்றால் பலகை அடித்த ஒரு பெட்டி. ஒரு கண்ணாடி, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஒவ்வொன்றாக நுழைத்தேன். புடவையை முட்டிக்கு மேல் சுருட்டி இடுப்பில் திணித்து, முந்தானையை மடித்து நெஞ்சுக்குள் வைத்துக் கையை மாட்டினேன். அது பேன்ட் போடுகிறவர்களுக்குத் தைத்த உடுப்பு. ஒரு கிழவி புடவையோடு இதற்குள் இறங்குவாள் என்று பதினேழாம் நம்பருக்குத் தெரியாது. ஜிப்பை மேலே இழுத்தேன். கழுத்துக்கு ஒரு சாண் கீழே அது முந்தானையைக் கவ்வியது. நான் இழுத்தேன். இன்னும் கவ்வியது. கீழே இழுத்தேன். அசையவில்லை. துணியை இருபத்திரண்டு வருஷம் கையாண்டவள், ஜிப்பில் துணி மாட்டினால் பலமாக இழுக்கக்கூடாது என்று எத்தனையோ பெண்களுக்குச் சொன்னவள், மூன்று தடவை பலமாக இழுத்தேன்.

அப்போது கரண்ட்டு போயிற்று.

கண்ணாடியில் இருந்தவளும் போய்விட்டாள். வெளியே ஃபேன் நிற்கிற சத்தம். மழைச் சத்தம் மட்டும் பெரிதாக. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ரப்பர் பிடி. தோளை வெளியே எடுக்கப் பார்த்தேன், என் தோள் அப்படியெல்லாம் வளைந்து பல வருஷம் ஆயிற்று. முதலில் முதுகில் வேர்த்தது. பிறகு இடுப்பில் சுருட்டி வைத்த புடவைக்குள். பிறகு எங்கே வேர்க்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உடம்பின் சூடு கழுத்து வழியாக மேலே ஏறி முகத்தில் அடித்தது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம். உள்ளே இருக்கும் தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் தைத்ததில் ஒன்றைக்கூட நான் போட்டதில்லை.

தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. திறந்திருக்கலாம். புடவை முட்டிக்கு மேல் சுருண்டு, பூசணிக்காய் மாதிரி உப்பி, முந்தானை ஜிப்பில் தொங்க, ‘அம்மான்னு கூப்புடு’ என்று நான் அதட்டின அந்த ஆள் முன்னால் போய் நிற்க வேண்டும். நான் திறக்கவில்லை.

“அம்மா, ஆச்சா?” என்று வெளியிலிருந்து கேட்டார்.

“ஆவுது.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஆச்சுங்களா?”

“ஆவுதுப்பா.”

பக்கத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். வீட்டில் கம்பிக்கு அந்தப்பக்கம் பத்துப் படியாவது தெரியும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகள் வந்துவிட்டாள். செருப்புச் சத்தத்தில் தெரிந்தது, நனைந்த செருப்பு.

“எங்கம்மா எங்கண்ணா?”

“உள்ள போயி அரை மணி நேரம் ஆவுதும்மா. கேட்டா ஆவுது ஆவுதுங்கறாங்க.”

அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தாள். “ம்மா. கதவத் தொற.”

“அந்தாள அந்தாண்ட போவச் சொல்லு.”

“அவரு கல்லாவாண்ட போயிட்டாரு. மாட்டிக்கிச்சா?”

நான் தாழ்ப்பாளை எடுத்தேன். அவள் போன் வெளிச்சத்தை என்மேல் அடித்தாள். பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிக்காத.”

“சிரிக்கல.”

“பில் எழுதற பென்சில் இருந்தா வாங்கியா. இழுத்துடாத. பென்சில ஜிப்பு பல்லு மேல தேய்க்கணும்.”

பென்சிலை வாங்கிவந்து, நான் சொன்னபடி கரி படியத் தேய்த்தாள். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை, அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. மெதுவாக, பல் பல்லாக ஜிப் இறங்கியது. முந்தானையில் கறுப்பாக ஒரு கடி. அவள் தோளிலிருந்து உடுப்பை உரித்தபோது கை என் முதுகில் பட்டது. ரவிக்கை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது, புடவையும்தான்.

அவள் கை அங்கேயே நின்றது. கடைக்காரர் ஊற்றின தண்ணீர்தான் உள்ளே இறங்கியிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

“என்னம்மா, ஒழுவிடிச்சா?”

நான் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. குறை தானாக வந்து என் முன்னால் நின்றது.

“ஆமா” என்றேன்.

 அவள் உடுப்பை முழுசாகக் கழற்றி, என் புடவையைச் சரிபண்ணி, முந்தானையை இழுத்து அந்தக் கறுப்பு தெரியாதபடி மடித்துச் சொருகினாள். கரண்ட்டு வந்தது. வெளியே வந்து உடுப்பை மேசையில் வைத்து, “வேணாண்ணா. ஒழுவுது” என்றாள். அவள் தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலை துவட்டத் துணி கூடக் கேட்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. “ஒழுவாதும்மா. பாத்தீங்க இல்ல, நான் ஊத்தினேனே.”

“எங்கம்மா சொன்னா சரியா இருக்கும்ணா. அவங்க இந்த வேலையிலயே இருந்தவங்க.”

அவர் உடுப்பைத் திருப்பிப் போட்டு உள்ளே தடவிப் பார்த்தார். ஈரம்தான். இடுப்பு, முதுகு, எல்லாம். “அப்ப இந்த பேட்ச்சே தப்பு மாரி இருக்கு” என்று தனக்குள் பேசிக்கொண்டார். “மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடறேன். ஒழுவுதுன்னு எழுதி அனுப்பிடறேன்.” பேனாவைத் தேடினார்.

எனக்கு அந்த எண் தெரிந்தது. பதினேழு.

திரும்பி வருகிற துணி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்ணைப் பார்ப்பார்கள். அந்த மேசைக்குக் கொண்டுவந்து போடுவார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு தடவை என் மேசையில் போட்டார்கள், தண்ணி டெஸ்ட்டில் கசிந்தது என்று. எழுபது பேர் பார்க்க நான் எழுந்து நின்றேன். டேப்பில் தப்பு இல்லை, துணியிலேயே நெசவில் விட்ட ஓட்டை என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. தெரிந்ததை எழுபது பேர் முன்னால் வந்து யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சாப்பாட்டு வேளையில் கக்கூஸில் போய் நின்றேன்.

மகளுக்காக உண்மையைச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். எந்த ஊரிலோ மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பதினேழாம் நம்பருக்காகத்தான் வாயைத் திறந்தேன்.

“எழுதாதப்பா. ஒழுவல.”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அது என் வேர்வை. ஜிப்பு மாட்டிக்கினு உள்ள கெடந்தேன். வெக்கப்பட்டுக்கினு கூப்புடல. டேப்பு அடிச்சவ நல்லா அடிச்சிருக்கா. ஒரு சொட்டு உள்ள வரல.”

கடைக்காரர் பேனாவை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் என்னையே பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. “அப்ப ஏம்மா ஆமான்ன?” என்று கேட்டாள்.

“நீ கேட்ட. நான் சொன்னேன்.”

  அவள் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவள் ஈரமும் என் ஈரமும் சேர்ந்து பெஞ்சு நனைந்தது.

பிறகு நான் என் வேலையைச் செய்தேன். “இந்த உடுப்பு நல்ல உடுப்பு. ஆனா இவளுக்கு ஆவாது. நின்னுக்கினே வண்டி ஓட்டறவ. சேத்துல வண்டி மாட்டினா எறங்கித் தள்ளுவா. இதுக்குள்ள வெந்துடுவா. மேலுக்குத் தனி, காலுக்குத் தனி குடு. அக்குள்ள ஜிப்பு வச்சிருக்கணும், தொறந்தா காத்து போவணும். முன்ஜிப்புக்கு மேல மூடி இருக்கணும், ரெண்டு மடிப்பு. காலு பூட்ஸுக்கு வெளியில விழணும். உள்ள விட்டா பூட்ஸு கிணறாயிடும்.”

கடைக்காரர் ஏணி போட்டு மேலே இருந்து இறக்கினார். தோளில் டேப் சரி. அக்குளில் ஜிப் இரண்டு, அதன் ஓரத்திலும் டேப். கால்பகுதியைத் திருப்பினேன். நாலு தையல் சேருகிற இடத்தில் வட்டத் துண்டு இல்லை, பட்டைமேல் பட்டை குறுக்காகப் போயிருந்தது. விரலை அங்கே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். இதைக் காட்டி ‘ஆகாது’ என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. 

“இந்த எடம் மட்டும் எனக்குச் சந்தேகம். இருந்தாலும் ஆவும்” என்றேன்.

நிறத்துக்கு மட்டும் சண்டை வந்தது. அவள் கறுப்பு கேட்டாள். நான் மஞ்சள் என்றேன்.

“மஞ்சளா? என்னப் பாத்தா ஆட்டோன்னு கை காட்டுவாங்க.”

“காட்டட்டும். பள்ளத்துல வுழுந்தா தேட வேணாமா?”

மஞ்சள்தான் வாங்கினாள். கடைக்காரர் ஒரு சின்னப் பையில் இரண்டு துண்டு டேப்பும் வைத்துக் கொடுத்தார், இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிக்கொள்ளலாம் என்று. கிளம்பும்போது, “பாத்துப் போங்கம்மா” என்றார். ஆயா என்று சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் அவள் கம்பிக் கதவைச் சாத்திச் சாவியை எடுத்தாள்.

“பூட்டாத” என்றேன்.

“ம்மா, நீ எறங்கிடுவ.”

“எறங்க மாட்டேன். பூட்டினா எனக்கு உள்ள வேர்க்குது.”

அவள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கினாள். வளைவு வரைக்கும் மஞ்சள் தெரிந்தது. நாற்காலியை அந்தக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாலு நாளும் மழை. நான் இறங்கவில்லை, இறங்கியிருக்கவும் முடியாது. கீழ்வீட்டுக்காரி சோறு கொண்டுவந்தாள், இந்தத் தடவை பாதியாவது சாப்பிட்டேன். மலையில் டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்தபோதெல்லாம் அவள் போன் பண்ணினாள். முதல் இரண்டு நாள் பண்ணவில்லை. அந்த இரண்டு நாளில் திறந்த கதவும் பூட்டிய கதவும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பண்ணினாள்.

“நனைஞ்சியா?”

“நனையலம்மா. சொட்டு கூட இல்ல.”

திரும்பி வந்ததும் கழுவுவதற்கு முன்னால் உடுப்பை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். இருமல் இல்லை, குரல் சரியாக இருந்தது, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு கால்பகுதியைத் திருப்பிப் போட்டு, நான் சந்தேகப்பட்ட இடத்துக்கு நேராக விரலைக் கொண்டுபோனேன். உள்ளங்கை அளவுக்கு ஈரம். பட்டையின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது.

“நனையலன்னு சொன்ன.”

“நனையல.”

“இது என்னா?”

“வேர்வைம்மா” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பட்டையின் ஓரத்தில் மயிரிழை மாதிரி செம்மண் கோடு இருந்தது. வேர்வைக்கு அந்த நிறம் கிடையாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் ஷூவைக் கழற்றுவது போல் குனிந்துகொண்டாள்.

“இஸ்திரிப் பொட்டிய போடு. அந்தச் சின்னப் பைய எடு” என்றேன்.

இடத்தைத் துடைத்துக் காயவைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, பட்டைத் துண்டை வட்டமாக வெட்டி வைத்து அழுத்தினேன். கை இன்னும் ஒரே வேகத்தில்தான் போகிறது. அரைப்பரீட்சை லீவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். பட்டை பிடிக்க ஒரு நாள் போதும்.